வகிட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி

எலிசேயோ பைலானின் தலையை
பதினேழு வருடமாக எனக்குத் தெரியும்.
இடது காதுக்கு மேலே கொக்கி கிழித்த தழும்பு,
உச்சியில் இரட்டைச் சுழி,
பிடரியில் எந்தச் சீப்புக்கும் படியாத ஒரு கொத்து.
அன்கூத் துறைமுகத்துக்குச் சிப்பி மூட்டை இறக்க வருகிற
சனிக்கிழமைகளில்தான் வருவான்.
துணியைப் போர்த்தும்போதே தூங்கிவிடுவான்.

அந்த மே மாதம் மழை பக்கவாட்டில் பெய்தது.
சீப்பு எதிலோ தடுக்கியது.
வகிட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி,
ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில்.
அமுக்கிப் பார்த்தேன். வலிக்குதா?
இல்லையே, என்றான் கண்ணைத் திறக்காமல்.

கொழுப்புக் கட்டி எனக்குத் தெரியும்.
விரலுக்கடியில் வழுக்கி ஓடும்.
இது ஓடவில்லை.
வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் மாதிரி
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
அதன் மேல் மட்டும் முடி இல்லை.

நான் முடி வெட்டுகிறவன், டாக்டர் இல்லை.
பக்கத்து முடியை ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டு
அந்த இடத்தை மூடினேன்.
கண்ணாடியில் பார்த்தான். சிரித்தான்.
இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.
அதையும் பார்த்தேன்.

ஜூனில் வந்தபோது இரண்டு கடலை.
அப்போதுதான் சொன்னேன்.

கிளினிக்கில் சின்னப் பையன் டாக்டர்,
சும்மா நீர்க்கட்டி என்று
மரக்கவைத்து எடுத்து புட்டியில் போட்டான்.
புட்டி படகேறி புவெர்த்தோ மோன்த் போயிற்று.
மூன்று வாரம் கழித்து அங்கிருந்து போன்.
டாக்டர் ஓயார்சுன், செல்களைப் பார்க்கிறவள்,
கேட்டது ஒரே கேள்வி:
புட்டி மாறிவிட்டதா?
இது தலைத் தோல்தானா?

கண்ணாடித் தகட்டில் அவள் பார்த்தவை
சளி நிரம்பி வீங்கி, கருவை ஓரத்துக்குத் தள்ளிய செல்கள்.
கல் பதித்த மோதிரங்களைக் கொட்டிவைத்தது போல என்றாளாம்.
அவற்றின் ஊர் இரைப்பை.
தலையில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஓத்தீலியாவுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
தட்டில் பாதியை அவன் நாய்க்குப் போட்டுவந்தது.
பசியில்லை என்பதை
அடுப்புப் புகை என்று நினைத்திருக்கிறாள்.

சாதாரணமாக ஈரலுக்குப் போகுமாம்,
அங்கிருந்து நுரையீரலுக்கு.
எப்போதாவது தொப்புளில் தலைகாட்டும்.
அதைவிட அபூர்வமாய் ஈறில்,
கண் இமையில்,
கட்டைவிரல் நுனியில் நகச்சுற்று போல.
பல் டாக்டர், கண்ணாடிக் கடைக்காரர்,
நகம் வெட்டும் பெண்,
இப்படி யாராவது முதலில் பார்ப்பார்களாம்,
என்னவென்று தெரியாமல்.

எலிசேயோவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.
சிப்பி விதை கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதக்கும் நிவால்தோ,
நாம் கயிறு கட்டிக் காத்திருப்போம்.
பாதிதான் கயிற்றில் பிடிக்கும்.
மீதி நங்கூரத்தில் இருக்கும்.
ஒரு தடவை
கழற்றிப்போட்ட ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு கூட்டமே இருந்தது,
என்றான்.

மருந்து ஏற்றத் தொடங்குமுன்
முழுக்க மழித்துவிடச் சொல்லி வந்தான்.
சனிக்கிழமை இல்லை, புதன்.
சோப்பு நுரை, புது பிளேடு.
தழும்பு, சுழி, தையல் போட்ட இடம்,
அதற்குப் பின்னால் புதிதாய் மூன்று.
பதினேழு வருடத்தில் முதல் முறை
அவன் தூங்கவில்லை.

கண்ணாடி வழியாகக் கேட்டான்:
முதலில் எப்போ தட்டுப்பட்டது?
மே, என்றேன்.
சொன்னது?
ஜூன்.

பிளேடு காதோரம் நின்றது.
வெளியே ஏதோ படகு சங்கு ஊதியது.

நல்லாத்தான் மூடியிருந்தே,
என்றான்.

காசு வேண்டாம் என்றேன்.
எண்ணிச் சில்லறையாக வைத்துவிட்டு
குல்லாயைப் போட்டுக்கொண்டு போனான்.

இப்போதெல்லாம் கத்தரியை எடுக்குமுன்
பத்து விரலாலும் தலையைத் தடவிப் பார்க்கிறேன்.
சிலருக்கு அது சுகமாக இருக்கிறது.
பையன்கள் நெளிகிறார்கள்.